கொம்பில் சாணம், குப்பியில் ஒயின்: பயோடைனமிக் திராட்சைத் தோட்டம் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது பிரான்சில், லுவார் நதி ஓடும் ஆன்ஜே நகரத்துப் பக்கம். இங்கே ஒரு குடும்பத் தோட்டத்துக்கு மூன்று வருடம் அறுவடை வேலைக்குப் போனேன், மூன்றாவது வருடம் குளிர்காலக் கவாத்துக்கும் கூப்பிட்டார்கள். பதினோரு ஹெக்டேர். அப்பா, மகள், மருமகன், ஒரு நிரந்தர ஆள், அவ்வளவுதான் தோட்டம். அவர்களுக்கு விளம்பரம் பிடிக்காது, அதனால் பெயர் வேண்டாம். ஆனால் இந்தப் பகுதிக்கே பெயர் வாங்கிக்கொடுத்த கூலே த செரான் தோட்டம் எல்லோருக்கும் தெரிந்தது, அதைப் பற்றிக் கீழே தாராளமாக எழுதியிருக்கிறேன். ஊருக்கு ஃபோன் பண்ணினால் ஒயின் குடிக்கிறவர்களும் கேட்கிறார்கள், குடிக்காத என் சித்தப்பாவும் கேட்கிறார், எல்லாம் அதே கேள்விகள்தான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பயோடைனமிக் என்றால் ஆர்கானிக்தானே? எதற்கு இன்னொரு பெயர்?

ஆர்கானிக் என்பது அடிப்படை, பயோடைனமிக் அதற்கு மேல் கட்டிய மாடி. ஆர்கானிக்கில் ரசாயனக் களைக்கொல்லி, ரசாயன உரம், செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்து எதுவும் கூடாது, மூன்று வருடம் அப்படி ஓட்டிக் காட்டினால்தான் சான்றிதழ். பயோடைனமிக்கில் இதெல்லாம் இருக்கும், கூடவே சில தயாரிப்புகள், நாள் பார்த்து வேலை செய்வது, தோட்டத்தை ஆடு மாடு மரம் மண் எல்லாம் சேர்ந்த ஒரே உயிராகப் பார்க்கிற பார்வை என்று வேறு விஷயங்களும் சேரும். தமிழில் உயிராற்றல் வேளாண்மை என்று விவசாயப் புத்தகங்களில் போடுகிறார்கள், யாரும் பேச்சில் சொல்லிக் கேட்டதில்லை.

ஆரம்பித்து வைத்தவர் ரூடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி. 1924 ஜூனில் கோபர்விட்ஸ் என்ற ஊரில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) ஒரு பண்ணையில் எட்டுச் சொற்பொழிவு ஆற்றினார், அடுத்த மார்ச்சில் இறந்தும் போனார். அவர் விவசாயி இல்லை. அதைவிட வேடிக்கை, மது மனிதனுக்கு ஆகாது என்று சொன்னவர் அவர், இன்று உலகத்திலேயே விலை கூடிய சில ஒயின்கள் அவர் சொன்ன முறையில்தான் விளைகின்றன!

மாட்டுக் கொம்பில் சாணியை அடைத்துப் புதைப்பார்களாமே, உண்மையா?

உண்மை. நானே அடைத்திருக்கிறேன். செப்டம்பர் கடைசியில், அல்லது அறுவடை முடிந்த கையோடு, பசுவின் கொம்பில் (காளைக் கொம்பு ஆகாது) கறவை மாட்டின் புதுச்சாணத்தைத் திணித்து, நல்ல மண்ணில் குழி வெட்டி, மழைத் தண்ணீர் உள்ளே தேங்காத மாதிரி அடுக்கிப் புதைப்போம். குளிர்காலம் முழுக்க அது மண்ணுக்குள் கிடக்கும். ஈஸ்டர் வாக்கில் தோண்டி எடுத்துக் கொம்பைக் கல்லில் தட்டினால் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு கட்டி விழும், சாணி வாசம் துளிகூட இருக்காது, மழை பெய்த காட்டு மண் வாசம்தான். முதல் தடவை மோந்து பார்த்தபோது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

இதற்கு 500 என்று எண் வைத்திருக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு வெறும் 100 கிராம், சுமார் 30 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். கலக்குவது என்றால் சாம்பாரைக் கிண்டுகிற மாதிரி இல்லை. ஒரு பக்கமாகச் சுற்றிச் சுற்றி நடுவில் சுழி அடிவரை இறங்கியதும் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும், தண்ணீர் குழம்பித் தடுமாறி மறுபடி சுழி பிடிக்கும், அதையும் உடைக்க வேண்டும். இருபது நிமிடத்தில் தோள்பட்டை விட்டுப்போகும். சாயங்காலம் அதைப் பெரிய பெரிய துளியாக மண்ணில் தெளிப்பார்கள். 501 என்பது இதற்கு எதிர்ப்பக்கம்: பொடித்த படிகக்கல்லைக் (குவார்ட்ஸ்) கொம்பில் அடைத்துக் கோடையில் புதைத்து, ஹெக்டேருக்கு நாலு கிராம் அளவில், விடிகாலையில் இலைமேல் பனிபோலத் தெளிப்பது.

502-லிருந்து 507 வரை மக்கு உரத்தில் போடுகிற மூலிகைகள்: ஆண் மானின் சிறுநீர்ப்பையில் அடைத்த ஒரு பூ, பசுக் குடலில் அடைத்த சாமந்தி இனப் பூ, விலங்கின் மண்டையோட்டில் அடைத்த ஓக் மரப்பட்டை என்று போகும். கேட்டால் மாந்திரீகம் மாதிரித்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. வயல் எலித் தொல்லைக்கு எலித்தோலை எரித்துச் சாம்பலைத் தூவச் சொன்னதும் அதே ஸ்டைனர்தான், அதை எங்கள் தோட்டத்தில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

சரி, அது வேலை செய்கிறதா?

நேராகச் சொல்கிறேன். 100 கிராம் மக்கிய சாணம் ஒரு ஹெக்டேருக்கு உரமாக முடியாது, கணக்கே இடிக்கிறது. பிரபஞ்ச சக்தியைக் கொம்பு இழுத்துத் தருகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

ஆனால் கதை அங்கேயே முடியவில்லை. சுவிட்சர்லாந்தில் பாசெல் பக்கம் தெர்வில் என்ற ஊரில் 1978 முதல் பயோடைனமிக், ஆர்கானிக், சாதாரண விவசாயம் மூன்றையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 21 வருட முடிவு 2002-ல் வந்தது: இயற்கை முறைப் பாத்திகளில் விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு, ஆனால் உரமும் எரிபொருளும் போனது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைவு, மண்ணில் உயிர்கள் அதிகம். கலிபோர்னியாவில் மெர்லோ என்ற திராட்சை வகை வளர்க்கிற ஒரு தோட்டத்தில் இன்னும் குறிப்பாகப் பார்த்தார்கள், இரண்டு பக்கமும் ஆர்கானிக், ஒரு பக்கம் மட்டும் இந்தக் கொம்புச் சமாச்சாரம். 2005-ல் வெளிவந்த முடிவில், மண்ணில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதாவது மக்கு உரமும், மூடுபயிரும், களைக்கொல்லி இல்லாததும்தான் வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

எனக்குக் கொம்பின் மேல் நம்பிக்கை இல்லை, ஆனால் அந்த ஒரு மணி நேரத்தின் மேல் இருக்கிறது. அதைக் கலக்கி முடித்து முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு பதினோரு ஹெக்டேரையும் வரிசை வரிசையாக நடக்கிற ஆள், டிராக்டர் கேபினில் ஏசி போட்டுக்கொண்டு போகிறவர் பார்க்காததையெல்லாம் பார்க்கிறார். எந்த வரிசையில் இலை வெளுக்கிறது, எங்கே மண் இறுகிக் கிடக்கிறது, எங்கே மண்புழு மேலே வந்திருக்கிறது. மகளிடம் இதைச் சொன்னேன். "நீ எதை நம்பினாலும் சரி, நட," என்றாள்.

நாள் நட்சத்திரம் பார்த்து வேலை செய்வார்கள் என்கிறார்களே?

பார்க்கிறார்கள். மரியா தூன் என்ற ஜெர்மானிய அம்மா போட்ட காலண்டர்தான் பெரும்பாலும் புழக்கத்தில். சந்திரன் எந்த ராசி மண்டலத்தைக் கடக்கிறது என்பதை வைத்து நாட்களை வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று பிரித்திருப்பார்கள். நமக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. மேல்நோக்கு நாளில் விதை, கீழ்நோக்கு நாளில் கிழங்கு, கிணறு என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து வளர்ந்த வீடுதானே நம்முடையது. தோட்டத்துச் சமையலறைச் சுவரில் அந்தக் காலண்டர் தொங்குவதைப் பார்த்தபோது தாத்தா வீட்டு ஞாபகம்தான் வந்தது.

நடைமுறையில்? மழை வருகிறது என்றால் எல்லாக் காலண்டரும் மூடிவைக்கப்படும். பீப்பாய் மாற்றுவது, குப்பியில் அடைப்பது போன்ற அவசரமில்லாத வேலைக்குத்தான் நாள் பார்ப்பார்கள்.

பூச்சிமருந்தே அடிக்க மாட்டார்களா?

இதுதான் பலருக்கும் இருக்கிற தப்பான எண்ணம். அடிக்கிறார்கள். மயில்துத்தமும் கந்தகமும் இல்லாமல் லுவார் மாதிரி ஈரமான ஊரில் திராட்சை எடுக்கவே முடியாது. அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தம், சாம்பல் நோய்க்குக் கந்தகம். நம்மூர் விவசாயிக்குப் போர்டோ கலவை என்றாலே தெரியும், அது வந்ததே போர்டோ திராட்சைத் தோட்டத்திலிருந்துதான். சாலையோரம் போகிறவர்கள் பழம் பறிக்காமல் இருக்க விஷம் மாதிரித் தெரியட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருந்த வரிசைகளில் மட்டும் நோய் இல்லாததை மில்லார்தே என்ற பேராசிரியர் கவனித்தார், 1885-ல் அது உலகத்துக்குத் தெரியவந்தது.

சிக்கல் என்னவென்றால் மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் உலோகம், மண்ணில் அப்படியே தங்கும், மண்புழுவுக்கு நல்லதில்லை. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்தது, சராசரியாக வருடம் 4 கிலோ. பயோடைனமிக் தோட்டங்களுக்கு டெமிட்டர் என்ற அமைப்பு தருகிற சான்றிதழ் வேண்டுமென்றால் 3 கிலோதான். ஆர்கானிக்கைக் குறைசொல்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வி.

இந்தத் தாமிரம் இலைமேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே தவிர உள்ளே போகாது. இருபது மில்லிமீட்டர் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். 2024-ல் பிரான்சின் பல பகுதிகளில் மழை விடவே இல்லை. ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை மழை நின்றது. மண் சேறாக இருக்கிறது, டிராக்டர் இறங்கினால் இறுகிப்போகும், நாளைக்கு அடிக்கலாம் என்று அப்பா சொன்னார். மகள் இன்றே முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்கலாம் என்றாள். கடைசியில் அப்பா சொன்னதுதான் நடந்தது. அன்று ராத்திரியே மறுபடி மழை. பத்து நாளில் கீழ்ச்சரிவு முழுக்க இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு படிந்துவிட்டது, குலைகள் காப்பிக்கொட்டை மாதிரி காய்ந்து தொங்கின. அந்தச் சரிவில் செப்டம்பரில் பறிக்க ஒன்றுமே இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை.

கூலே த செரான் என்கிறாயே, அதில் அப்படி என்ன விசேஷம்?

சாவெனியேர் கிராமத்தில், லுவார் நதியின் வடகரைச் சரிவில் இருக்கிற ஏழு ஹெக்டேர்தான் அது. ஏழு ஹெக்டேருக்கும் சேர்த்து அதற்கென்றே தனியாக ஒரு புவிசார் பெயர், முழுக்க ஒரே குடும்பத்தின் கையில். பிரான்சிலேயே அப்படி இருக்கிற தோட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1130-ல் சிஸ்டர்சியன் துறவிகள் முதல் கொடியை நட்டார்கள், அதிலிருந்து அங்கே திராட்சை விட்டதே இல்லை என்பது தோட்டத்தாரின் கணக்கு. பக்கத்திலேயே ரோஷ் ஓ முவான் கோட்டை, 1214-ல் இங்கிலாந்து அரசன் ஜான் முற்றுகை போட்டுவிட்டுப் பின்வாங்கி ஓடிய இடம். சரிவு செங்குத்து, அதனால் குதிரை கட்டித்தான் உழவு. விளைவது ஷெனான் என்ற வெள்ளைத் திராட்சை மட்டும்.

ஜோலி குடும்பம் 1960 வாக்கில் இதை வாங்கியது. மகன் நிக்கோலா ஜோலி ஜே.பி. மார்கன் வங்கியில் வேலை பார்த்தவர், 1977-ல் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினார். வந்ததும் விவசாய ஆலோசகர் ஒருவர் சொன்னபடி களைக்கொல்லி அடித்தார், இரண்டு வருடத்துக்குள் மண்ணின் நிறமே மாறிவிட்டது, பூச்சி இல்லை, கௌதாரி இல்லை என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் பயோடைனமிக் பற்றிய ஒரு பழைய புத்தகம் கையில் மாட்டியது. 1980-ல் சின்னதாக ஒரு துண்டில் சோதனை, 1984-ல் தோட்டம் முழுக்க. தன்னை ஒயின் செய்கிறவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டார், இயற்கையின் உதவியாளன் என்பார். 2001-ல் ஒத்த கருத்துள்ள தோட்டக்காரர்களைச் சேர்த்து ஒரு சங்கமும் தொடங்கினார். இப்போது பொறுப்பு மகள் விர்ஜினியிடம்.

அறுவடையை ஒரே மூச்சில் செய்வதில்லை. மூன்று நாலு வாரத்துக்குள் பலமுறை இறங்கி, பழுத்த குலையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு வருவார்கள். வெள்ளை ஒயின் என்று சொன்னாலும் பொன்னிறம், சாராய அளவு 14 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். திறந்த உடனே குடித்தால் மணமும் ருசியும் வெளியே வராது, ஒரு நாள் முன்னாலேயே திறந்து வையுங்கள் என்பது தோட்டத்தாரே சொல்கிற யோசனை. நான் ஒரே ஒரு தடவை குடித்தேன், மூன்று நாளுக்கு ஒரு குப்பி. முதல் நாள் ஆப்பிள் தோலும் மெழுகும், இரண்டாம் நாள் தேன், மூன்றாம் நாள்தான் நன்றாக இருந்தது. இது காற்றுப்பட்டுக் கெட்டுப்போன சுவை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், சில வருடத்துக் குப்பிகளில் அதில் நியாயமும் இருக்கலாம்.

அரசாங்கமே மருந்து அடி என்று சொன்னால்?

வழக்குதான். 2013-ல் பர்கண்டி பகுதியில் கொடிகளை மஞ்சளாக்கிக் கொல்லுகிற ஒரு தொற்றுநோய் பரவுகிறது என்று, அதைக் கொண்டுபோகிற தத்துப்பூச்சிக்கு எல்லாத் தோட்டக்காரர்களும் மருந்து அடிக்க வேண்டும் என்று பிரெஃபே (நம்மூர்க் கலெக்டர் மாதிரி) உத்தரவு போட்டார். எமானுவேல் ஜிபூலோ என்ற பயோடைனமிக் விவசாயி மறுத்தார், என் தோட்டத்தில் நோயே இல்லையே என்றார். 2014 ஏப்ரலில் 1000 யூரோ அபராதம், அதில் பாதி நிறுத்திவைப்பு. அந்த டிசம்பரில் டிஜான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. இங்கே அவர் வீரர். ஆனால் அந்த நோய்க்கு மருந்து கிடையாது, வந்த கொடியைப் பிடுங்கத்தான் வேண்டும், பக்கத்துத் தோட்டக்காரனின் பயமும் பொய்யில்லை. நான் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் முடிவு பண்ண முடியவில்லை.

குடும்பத் தோட்டம் என்று தனியாகச் சொல்ல அதில் என்ன இருக்கிறது?

நிறைய. நிறுவனத் தோட்டத்தில் மேலாளருக்கு மூன்று வருட இலக்கு இருக்கும். கொடி நட்டு உருப்படியான பழம் வர நாலைந்து வருடம், ஆழமாக வேர் போக இருபது வருடம், மண் தேற எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. விளைச்சல் குறைவதைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கிறவன் வீட்டுக்காரன் மட்டும்தான், ஏனென்றால் அவன் நட்டதை அவன் மகள்தான் பறிக்கப்போகிறாள்.

அந்தக் குடும்பமேதான் தோட்டத்தை உடைக்கவும் செய்யும். பிரான்சில் பிள்ளைகளுக்குச் சொத்து இல்லை என்று உயில் எழுத முடியாது, ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் முக்கால் பங்கு சட்டப்படி அவர்களுக்கு. பாரிஸில் வேலை பார்க்கிற அண்ணனுக்கும் தோட்டத்தில் குனிந்து நிமிர்கிற தங்கைக்கும் இதில் ஒரே உரிமை. பங்கு கேட்டால் கொடுக்கப் பணம் இருக்காது, இருப்பது எல்லாம் மண்ணும் பீப்பாயில் கிடக்கிற ஒயினும்தான். அதனால் நிலத்தைக் கூட்டுப் பங்காக எழுதி வைக்கிறார்கள், வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றுகிறார்கள். அப்படியும் முடியாமல் பெரிய குழுமங்களுக்கு விற்றுவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. நம்மூரில் வயலைப் பாகம் பிரித்து வரப்பாகவே ஆக்கிவிட்ட கதை ஞாபகம் வருகிறதா?

ஒயின் செய்வதில் என்ன வித்தியாசம்?

கையால் பறிப்பது, பொறுக்கி எடுப்பது, வெளியிலிருந்து ஈஸ்ட் வாங்கிப் போடாமல் பழத்தோலிலும் கிடங்கிலும் இருக்கிற ஈஸ்டிலேயே நொதிக்க விடுவது. சொல்ல எளிது. பாக்கெட் ஈஸ்ட் போட்டால் பத்துப் பதினைந்து நாளில் வேலை முடியும், இங்கே ஒரு பீப்பாய் பிப்ரவரிவரை சின்னச் சின்னக் குமிழி விட்டுக்கொண்டு முனகிக்கொண்டிருக்கும். காதை வைத்தால் சோடாவில் உப்புப் போட்ட மாதிரி சத்தம். சில நேரம் புளித்து வினிகராகவும் போகும், அதுவும் நடந்திருக்கிறது.

கெடாமல் இருக்கக் கடைசியில் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடு சேர்ப்பார்கள். சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம்வரை அனுமதி, ஆர்கானிக்குக்கு 100, டெமிட்டருக்கு அதையும் விடக் குறைவு.

அப்போ குடித்தால் தலைவலி வராதா?

வரும். அதில் இருப்பது சாராயம். ஆர்கானிக் என்பதால் கல்லீரலுக்குத் தள்ளுபடி கிடையாது.

சைவமா?

கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீன் பசை போடுகிற வழக்கம் ஒயின் உலகத்தில் உண்டு. எங்கள் தோட்டத்தில் போடுவதில்லை, தானாகப் படியட்டும் என்று காத்திருப்பார்கள். ஆனால் மாட்டுக் கொம்பு, மானின் சிறுநீர்ப்பை என்று மேலே படித்தீர்கள் இல்லையா, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது உங்கள் பாடு.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

நட்சத்திரங்களால் வரைந்த பச்சை இலை இருந்தால் ஐரோப்பிய ஆர்கானிக். 2012 அறுவடையிலிருந்துதான் 'ஆர்கானிக் ஒயின்' என்றே போடலாம் என்று ஆனது, அதற்கு முன் 'ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்' என்று மட்டும்தான். பயோடைனமிக்குக்கு டெமிட்டர் அல்லது பியோடிவான் முத்திரை. 'நேச்சுரல்' என்று சும்மா எழுதியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை, பிரான்சில் 2020-ல் அதற்கும் ஒரு விதிமுறை வந்தது, ஆனால் அந்த விதிமுறைக்கான முத்திரை இருந்தால்தான் கணக்கு. முத்திரைக்குப் பணம் கட்டப் பிடிக்காமல் எல்லாம் சரியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி கேட்டுத் தெரிந்துகொள்வது.

ஏன் இவ்வளவு விலை?

கூலே த செரானில் ஹெக்டேருக்கு 20, 25 ஹெக்டோலிட்டர்தான் (ஒரு ஹெக்டோலிட்டர் என்றால் நூறு லிட்டர்) தேறும், சாதாரணத் தோட்டங்கள் அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் எடுக்கும். கையால் களையெடுப்பு, கையால் பறிப்பு, 2021 ஏப்ரலில் அடித்த மாதிரி ஒரு பனி அடித்தால் அந்த வருடமே போச்சு. மீதி, பெயருக்குக் கொடுக்கிற காசு. எங்கள் தோட்டத்து ஒயின் வாசலில் 14 யூரோ, அதையும் அதே கையால்தான் பறித்தோம்.

கம்பத்தில் இதைச் செய்ய முடியாதா?

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, வருடம் முழுக்கப் பழம் வருகிற ஊர். அதுதான் இங்கே உள்ள முறைக்குப் பெரிய வித்தியாசம்: லுவாரில் கொடி நாலைந்து மாதம் இலை உதிர்த்துத் தூங்குகிறது, நோய்க்கிருமியும் அடங்குகிறது, கம்பத்தில் யாருக்கும் தூக்கம் கிடையாது. கொம்புச் சாண உரம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை, கொடைக்கானல் மலைப்பக்கம் பல வருடமாகச் செய்கிறார்கள். பஞ்சகவ்யம் தெரிந்த விவசாயிக்கு இதை விளக்கவே தேவையில்லை.

நேரில் வந்து பார்க்கலாமா?

வரலாம், சொல்லிவிட்டு வாருங்கள், அறுவடை நேரத்தில் வராதீர்கள். மார்ச் கடைசி நல்ல சமயம், கொம்பு தோண்டுவதையும் பார்க்கலாம். சேற்றுக்குத் தாங்குகிற பூட்ஸ் போடுங்கள். சென்ட் அடித்துக்கொண்டு கிடங்குக்குள் போகாதீர்கள், அப்பா முகம் சுளிப்பார். ருசி பார்க்கத் தரும்போது பக்கத்தில் ஒரு வாளி இருக்கும், அது துப்புவதற்கு. நான் முதல் நாள் மரியாதைக்கு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, பதினோராவது பீப்பாயில் உட்கார நாற்காலி கேட்டேன்.